தேயிலைப் பூ வைத்த ஏழு மேசைகள்

புல்வெளியில் ஏழு மேசைகள் போட்டிருந்தோம். ஏழிலும் வெள்ளை விரிப்பு, விரிப்பின் நடுவில் உயரமான கண்ணாடிச் சாடி. சாடிகளில் பாதிவரை தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன். என் காலடியில் இரண்டு கொழுந்துக் கூடை நிறையப் பூ இருந்தது.

ஒரு சிவப்பு ஜினியாவை எடுத்துச் சாடியில் வைத்தேன். அது உள்ளே விழுந்து தண்ணீரில் மிதந்தது. இன்னொன்றை வைத்தேன். அதுவும் விழுந்தது. மூன்றாவதைத் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. காம்பு இல்லை. கூடைக்குள் கையை விட்டு அடிவரை கிளறினேன். ஒரு பூவுக்கும் காம்பு இல்லை.

"என்னாடி, பத்தாதா? இன்னும் பறிக்கணுமா?" என்று மாரியக்கா கேட்டாள்.

பறிக்கத் தோட்டத்தில் என்ன மீதி இருந்தது? டேலியா, ஜினியா, ரோஸ், செவ்வந்தி என்று பங்களாவைச் சுற்றியிருந்த பாத்திகள் எல்லாம் மொட்டையாக நின்றன. காலை ஏழரை மணி. பன்னிரண்டு மணிக்கு இருபத்தெட்டுப் பேர் சாப்பிட வருகிறார்கள். 

கடிதம்

போன வாரம் இந்தப் பத்தியில் என் ஆபரேஷன் கதையை எழுதியிருந்தேன். "அதற்குப் பிறகு உங்கள் லயத்து வீடு என்ன ஆனது?" என்று கேகாலையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்த ஏழு மேசைகள்.

பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடை தூக்காதவளுக்குத் தோட்டத்தில் என்ன வேலை? ஆறு மாதம் பார்த்தார்கள், வேலையாட்கள் பேர் பதிகிற செக்ரோலில் என் பேரை வெட்டினார்கள். என் வீட்டுக்காரர் எப்போதோ தோட்ட வேலையை விட்டுக் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறவர். வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயத்து வீடு தோட்டத்தில் பேர் இருக்கிறவர்களுக்குத்தான். எங்கள் வீட்டில் இப்போது ஒரு பேரும் இல்லை.

ஒருநாள் கங்காணி வாசலில் வந்து நின்று, "வருஷம் பொறக்கிற வரைக்கும் இருந்துக்கங்க, அதுக்கப்புறம் வேற பாத்துக்கங்கன்னு தொர சொல்லச் சொன்னாரு" என்றார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்கிருந்த ஆத்திரத்தில் அதற்கெல்லாம் இரங்கத் தோன்றவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.

எங்கள் தோட்டம் ஓப்பநாயக்கவுக்கு மேலே, மலையேறும் வழியில் இருக்கிறது. உச்சியில் ஒரு பழைய பங்களா. அதைக் கொழும்பிலிருந்து வந்த சுனேத்ரா மேடம் குத்தகைக்கு எடுத்து, சுற்றுலாக்காரர்கள் தங்குகிற இடமாக மாற்றியிருந்தார். வேலை கேட்டு நான் போய் நின்றேன். சிங்களம் நன்றாகப் பேசுவேன், கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். மூன்று வாரம் பார்க்கிறேன் என்றார்.

அந்த மூன்று வாரம் முடிகிற ஞாயிற்றுக்கிழமைதான் விருந்து. வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டம் கூட்டமாக அனுப்பி வைக்கிற பயண ஏற்பாட்டாளர்கள் பஸ்ஸில் வருகிறார்கள். அவர்களுக்கு இடம் பிடித்தால் மேடத்துக்கு வியாபாரம், எனக்கு நிரந்தர வேலைக் கடிதம். கடிதம் இருந்தால் பங்களா ஆளையும் தோட்டத்து ஆளாக எடுத்துக்கொள்வதாகத் தோட்டத்து மேனேஜர் துரை மேடத்திடம் ஒத்துக்கொண்டிருந்தார். மேசை நன்றாக இருந்தால் வீடு நிற்கும், கெட்டால் போகும். எனக்கு அன்றைக்கு வேறு எதுவும் தெரியாது.

காம்பு யாருக்கு வேண்டும்?

மேடம் தன் போனில் படங்கள் காட்டியிருந்தார். வெயிலில் போட்ட மேசைகள், நடுவே சாடி, சாடியில் பூக்கள் நெடுநெடுவென்று நின்று ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருக்கும். யாரும் அடுக்கவில்லை, தானாக அப்படி வந்தது என்று தோன்ற வேண்டுமாம். தோட்டத்துப் பூவையே பறித்து வை, கடைப் பூ வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். சொல்லிவிட்டுச் சனிக்கிழமையே பலாங்கொடைக்கு இறங்கிவிட்டார். ஞாயிறு காலை ஐஸையும் கேக்கையும் ஏற்றிக்கொண்டு பதினொரு மணிக்கு வருவதாக ஏற்பாடு.

தனியாக முடியாது என்றுதான் பக்கத்து வீட்டு மாரியக்காவைக் கூப்பிட்டேன். எங்கள் டிவிஷனில் அவளைப்போலக் கொழுந்து பறிக்க ஆளில்லை. விடிந்தும் விடியாததுமாக இரண்டு பேரும் இறங்கினோம். அவள் கை பூச்செடிமேல் போனதை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பூவுக்குக் கீழே போகும், ஒரு கிள்ளு, பூ கையில். கை நிறைந்ததும் தோளுக்கு மேலே வீசிக் கூடையில் போடுவாள். எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. நானும் அப்படித்தான் கிள்ளினேன்.

யோசித்துப் பார்த்தால், எங்கள் ஆட்களுக்குப் பூவின் காம்பு எதற்கு? சாமிக்குப் போடுகிற பூவுக்குக் காம்பு தேவையில்லை. தலையில் வைக்கிற பூவுக்குத் தொடுக்கிற அளவு போதும். செத்தவர் மேல் தூவுகிற பூவுக்கு அதுவும் வேண்டாம். பூவுக்குத் தண்ணீர் வைத்து நிற்க வைக்கிற பழக்கம் எங்கள் ஏழு தலைமுறையில் கிடையாது. இதில் இருபது வருஷம் கொழுந்து கிள்ளின விரல் வேறு. அந்த விரலிடம் "பறி" என்றால் அது கிள்ளத்தான் செய்யும்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அன்றைக்கு இரண்டு ஆனை ஒரே சேற்றில் சறுக்கின.

ஈர்க்கும் மாலையும்

சமையலுக்கு வந்திருந்தவர் பலாங்கொடை நஸீர் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். வளைகுடாவில் பெரிய ஹோட்டல்களில் வேலை பார்த்தவர். குசினி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தவர், கூடையருகே வந்து ஒரு பூவைத் தூக்கிப் பார்த்தார்.

"புள்ள, இதுக்குக் காம்பு எங்க ஈக்கி?"

"இல்லைங்க நானா."

"எல்லாத்துலயுமா?"

நான் கூடையைப் பார்த்தேன். மாரியக்காதான், "பூ பறிச்சுக்கிட்டு வரச் சொன்னா, பறிச்சோம். காம்போட வேணும்னு யாரு சொன்னா?" என்று மல்லுக்கு நின்றாள். அவள் குரலில் பயம் இருந்தது. என் வீட்டு விஷயம் அவளுக்கும் தெரியும்.

நானா திட்டவில்லை. விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு உருவிக் கொடுத்து, பூவில் குத்தி நிறுத்தச் சொன்னார். குத்தினோம். ஜினியா சிறிது நேரம் நின்றது. டேலியா கனத்த பூ, ஈர்க்கில் கிறுகிறுவென்று சுற்றி முகத்தைக் கீழே தொங்கப் போட்டது. அரை மணி நேரம் மல்லுக்கட்டி ஒரு சாடியை முடித்தோம். தள்ளி நின்று பார்த்தால், வகுப்பில் அடி வாங்கின பிள்ளைகள் வரிசையாக நிற்கிற மாதிரி இருந்தது.

"மாலையாத் தொடுத்து மேசையச் சுத்திப் போட்டா என்னா?" என்றாள் மாரியக்கா.

நல்ல யோசனையாகப் பட்டது. வாழை நார் கிழித்து உட்கார்ந்தோம். தொடுப்பதில் எங்களுக்கு நிகர் யார்? மஞ்சள் செவ்வந்தியில் இரண்டு ஆள் நீளம் விறுவிறுவென்று வந்தது. கொண்டுபோய் முதல் மேசையின் வெள்ளை விரிப்பைச் சுற்றி வைத்தோம்.

மூன்று பேரும் ஓரடி பின்னால் வந்து பார்த்தோம்.

நீளமான மேசை, தரைவரை வெள்ளைத் துணி, சுற்றிலும் செவ்வந்தி மாலை. நடுவில் ஆள்தான் படுத்திருக்கவில்லை. என் மாமனாரை வைத்திருந்த கட்டில் எனக்கு அப்படியே கண்ணில் வந்தது. நஸீர் நானா எதையோ முணுமுணுத்துக்கொண்டு திரும்பிக் குசினிக்குள் போய்விட்டார். மாரியக்கா மாலையை அள்ளிக் கூடையில் போட்டு, கூடையைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினாள்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானால்கூடப் பரவாயில்லை. நாங்கள் பிடித்தது பிணம். மணி ஒன்பதரை. என் வீடு போய்விட்டது என்றே முடிவு கட்டினேன். சட்டி பானையை எடுத்துக்கொண்டு யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்றுகூட மனசு ஓடியது.

பதினோராம் நம்பர்

அப்போது என் வாயிலிருந்துதான் அந்த வார்த்தை வந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

"பதினோராம் நம்பர்ல தேயிலை பூத்துக் கெடக்குக்கா" என்றேன்.

தேயிலைத் தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தேயிலைப் பூவைப் பார்த்திருக்க மாட்டார்கள். வாரா வாரம் கொழுந்து எடுத்தால் செடிக்குப் பூக்க எங்கே நேரம்? பூத்தால் அந்த மலையை யாரும் கவனிக்கவில்லை என்று அர்த்தம். நான் பேர் பதிந்த புதிதில், என் நிரையில் நாலு பூவைப் பார்த்துவிட்டு எங்கள் கங்காணி, "கொழுந்து மலையா, கல்யாண மலையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். ஒரு வாரம் எனக்குத் தலை நிமிரவில்லை.

பங்களாவுக்குக் கீழே இருக்கிற பதினோராம் நம்பர் மலையைத் தோட்டம் கைவிட்டுச் சில வருஷமாகிறது. தேயிலை மரமாக வளர்ந்து நிற்கும். இடுப்பளவு மானாப் புல், அட்டை, எந்தப் புதரில் குளவிக்கூடு இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. ஆட்கள் விறகுக்கு வெட்டுகிறார்கள் என்று துரைக்குத் தகவல் போய், போன மாதம்தான் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் எல்லாரையும் நிற்க வைத்து எச்சரித்திருந்தார். பதினோராம் நம்பரில் கத்தி வைத்தால் இரண்டு கிழமைக்குப் பேர் கிடையாது. அதாவது இரண்டு வாரம் வேலை கிடையாது.

மாரியக்கா என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு பங்களாவின் பின்பக்கம் போய், செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு, சாக்கைத் தோளில் போட்டு, சரிவில் இறங்கினாள்.

"வேணாங்க்கா" என்று நான் சொன்னேனா? சொன்னதாகத்தான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை எழுத உட்கார்ந்து நிதானமாக யோசித்தால், சொல்லவில்லை. "பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னேன்.

முக்கால் மணி நேரம் அவள் வரவில்லை. புல்வெளி ஓரத்தில் நின்று கீழே பார்த்துக்கொண்டே இருந்தேன். புல் அசைவதுகூடத் தெரியவில்லை. கத்திச் சத்தம் கேட்டால் யார் காதிலாவது விழுந்துவிடுமே என்று பயம். கேட்காவிட்டால் குளவி கொட்டி விழுந்துவிட்டாளோ என்று பயம்.

பத்தரைக்கு அவள் தலை தெரிந்தது. முதுகில் ஒரு சுமை வாது, பூவோடு வெட்டின கிளைகள், ஒவ்வொன்றும் முழங்கை நீளம். கால் இரண்டிலும் ரத்தம் வடிந்துகொண்டிருந்தது.

"அட்டைதான். மொதல்ல இதப் பாரு" என்றாள்.

வாதுகளை நஸீர் நானாவின் பெரிய தண்ணீர் அண்டாவில் முக்கி எறும்பை ஓட்டினோம். பிறகு சாடிகளில் வைத்தேன். கரும்பச்சை இலைக்கு நடுவே வெள்ளைப் பூக்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் மஞ்சள் மகரந்தம் கொத்தாக. நான் ஒன்றும் அடுக்கவில்லை, அவை தானாகவே ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தன. நானா சூப் கிண்ணங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அவற்றில் தண்ணீர் விட்டு, காம்பில்லாத டேலியாவையும் ஜினியாவையும் மிதக்க விட்டு, சாடிகளின் அடியில் வைத்தோம். ஈர்க்குப் பூக்களைக் குப்பையில் போட்டேன்.

பதினொன்று பத்துக்கு ஐஸையும் கேக்கையும் ஏற்றிக்கொண்டு மேடத்தின் வான் வந்தது. இறங்கியவர் புல்வெளியைப் பார்த்ததும் நின்றார்.

"மோக்கத மே?" என்றார். இது என்ன என்று கேட்கிறார்.  "தேயிலைப் பூங்க மேடம்" என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் ஒவ்வொரு மேசையாக நடந்தார். ஒரு கிண்ணத்தைக் கொஞ்சம் நகர்த்தினார், திரும்பி, "ஹொந்தாய்" என்றார். நல்லது என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். 

சாப்பாட்டுக்கு நடுவே

விருந்துக்குத் துரையையும் அழைத்திருந்தார்கள் என்பது, அவர் ஜீப் வந்து நிற்கிற வரைக்கும் எனக்குத் தெரியாது.

அவர் நாலாவது மேசையில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் ஊற்றப் போனபோது சாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.  அவருக்கு எதிரே தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா. பூவை முகர்ந்து பார்த்து, இது என்ன பூ என்று அவரிடமே கேட்டார்.

"டீ" என்றார் துரை.

அந்த அம்மா நம்பவில்லை. இவ்வளவு தூரம் தேயிலைக்கு நடுவேதானே வந்தோம், ஒரு பூவைக்கூடப் பார்க்கவில்லையே என்றார். பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பினார்கள். ஒழுங்காகக் கொழுந்து எடுக்கிற மலையில் பூ வராது என்று துரை சொல்ல வேண்டியதாயிற்று. அப்படியானால் இது எங்கே பூத்தது என்று அடுத்த கேள்வி வந்தது. துரை சிரித்தார். சிரித்துக்கொண்டே குசினிப் பக்கம் பார்த்தார்.

அதற்குள் ஆளாளுக்குப் போனை எடுத்துப் பூவைப் படம் பிடிக்க ஆரம்பித்திருந்தார்கள். மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. நான் மட்டும் குனிந்த தலையோடு தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

குழாயடியில்

கேக் வெட்டப் போகிற நேரம் துரை எழுந்து குசினிப் பக்கம் வந்தார். மேடமும் பின்னாலேயே வந்தார். குழாயடியில் மாரியக்கா தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். நானா அடுப்பருகே.

"இந்த வாது எந்த மலையில வெட்டினது?" துரைக்குத் தமிழ் நன்றாக வரும். குரலை உயர்த்தவேயில்லை. வெளியே விருந்தாளிகள் இருக்கிறார்களே.

மாரியக்கா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"யாரு வெட்டினதுன்னு கேட்டேன்."

அவர் கண் என்மேல்தான் இருந்தது. மேடத்தின் கண்ணும் என்மேல். பங்களா தோட்டத்துக்குச் சொந்தம், மேடம் குத்தகைக்காரர். துரை வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கடிதம் இல்லை. நான்தான் வெட்டச் சொன்னேன் என்று சொல்ல வேண்டியது நான்.   கையிலிருந்த கிளாஸைத் துடைத்தேன். துடைத்த கிளாஸையே மறுபடியும் துடைத்தேன்.

"நாந்தாங்க தொர." மாரியக்காவின் குரல்.

"யாரு சொல்லி?"

"யாரும் சொல்லலைங்க. பாக்க நல்லா இருந்துச்சு, வெட்டிட்டேன்."

"பெரட்டுல நான் சொன்னது காதுல விழலையா? நாளைக்கு எல்லாரும் கத்தியத் தூக்கிட்டு எறங்குவாங்க. அதுக்கு நீதான் வழி காட்டுறியா?" இன்னும் என்னென்னவோ சொன்னார். எழுதத் தகுந்ததல்ல. "ரெண்டு கிழமைக்கு ஒனக்குப் பேர் இல்ல."

"சரிங்க."

துரை போனார். மேடம் என்னைப் பார்த்து ஏதோ கேட்க நினைத்தவர், வெளியே யாரோ கூப்பிட்டதும் போய்விட்டார். இரண்டு மணிக்கு இடி இடித்தது. மேசைகளை உள்ளே இழுக்க ஓடினோம், மழை பிடித்துக்கொண்டது. நல்லவேளை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க நேரமில்லாமல் போயிற்று.

கடிதம் வந்த பிறகு

சாயங்காலமே மேடம் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டார். பயணக்காரர்களுக்கு இடம் பிடித்துப் போயிற்று. அவர்கள் கேட்டதெல்லாம் இன்னொரு முறை வந்தாலும் அந்தப் பூ இருக்குமா என்றுதானாம். நான் கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, என் வீட்டுக்குள் நுழையாமல் நேரே மாரியக்கா வீட்டுக்குப் போனேன்.

அவள் காலை நீட்டி உட்கார்ந்து அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

"வந்துருச்சா?" என்றாள்.

தலையாட்டினேன். "நான் சொல்லியிருக்கணுங்க்கா. நான்தானே வெட்டச் சொன்னேன்."

"சொல்லி என்னாத்துக்கு? ஒனக்கு வீடு போயிருக்கும், எனக்கும் பேரு போயிருக்கும். ரெண்டு கிழமைய நான் எப்பிடியாவது ஓட்டிருவேன். நீ வீட்ட விட்டா எங்க போவ? அதாலதான் முந்திக்கிட்டேன்."

அதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. அவளே நியாயம் சொல்லிவிட்டாளே என்று மனசு லேசாயிற்று. அந்த இரண்டு கிழமையும் உங்கள் வீட்டுக்கும் நானே சமைக்கிறேன் என்றேன். சரி என்றாள். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ என்றாள். குடித்தேன்.

எழுந்து வாசலுக்கு வந்தபோது அவள் கூப்பிட்டாள்.

"புவனா."

"என்னாங்க்கா?"

"நீ வாயத் தொறக்காதது சரிதான். அத நான் கொறையாச் சொல்லல." சுண்ணாம்புக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "ஆனா அந்தாளு என்னைய அந்தப் பேச்சுப் பேசுறப்ப, நீ அந்தக் கிளாசயே பாத்துக்கிட்டு நின்ன. ஒரு தடவ என் பக்கம் திரும்பிப் பாத்திருக்கலாம்."

அதை அவள் சொல்லி முடிக்கும்போதும் நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.